வெட்னெஸ்டேயும் ஒரு கப்பல்காரரும்

இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலேயே அடையாளம் தெரிந்தவர்கள்தானே!

போன மாதம் ஒரு போன் வந்தது. 1996-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். பையன் என்கிறேன், அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெயர் வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் மோல்டராகச் சேர்ந்தவன், இன்று அதே ஃபவுண்டரிக்கு சூப்பர்வைசர். வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்கள் வரப்போகிறார்களாம். "ஃபவுண்டரியப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும், நீயே கூட்டிட்டுப் போய்ச் சொல்லிரு" என்று முதலாளி சொல்லிவிட்டாராம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்றான்.

"இந்த வயசுக்கு மேல இங்கிலீஷ் வருமுங்களா டீச்சர்?"

நானும் வழக்கமான பாட்டைப் பாட ஆரம்பித்தேன். தினம் ஒரு பத்தி பேப்பர் படி, சத்தம் போட்டுப் படி என்று. அவன் சிரித்தான். "படிச்சா புரியுதுங்க டீச்சர். வாய்தான் திறக்க மாட்டேங்குது. வெட்னெஸ்டேல நின்னது நின்னதுதானுங்க."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். கிழமைகளின் பெயரை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேனாம். புதன்கிழமைக்கு வந்ததும் எழுத்தில் இருக்கிறபடியே 'வெட்னெஸ்டே' என்று வாசித்தானாம். வகுப்பே சிரித்ததாம். "நீங்களும் சிரிச்சுட்டீங்க டீச்சர்." குற்றமாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு ஆங்கிலப் பாடத்தில் அவன் முறை வரும்போதெல்லாம் வயிற்றுவலி வந்துவிடுமாம்.

எனக்கு அது துளிகூட ஞாபகம் இல்லை. அவனுக்கு அந்த நாளும் பெஞ்சும் பக்கத்தில் நின்றவனும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் வழியில் படித்தவள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். என் முறை வந்தபோது தொண்டைக் கட்டு என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தவள் நான். மதியம் டீ இடைவேளையில் தொண்டை சரியாகிவிட்டது! ஓய்வு பெற்ற பிறகுதான் மகளின் கல்லூரிப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் லிப்கோ அகராதியோடு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தேன். அப்படி அறிமுகமானவர்தான் ஜோசப் கான்ராட். இன்றைக்கு அவருடைய கதை.

ஆங்கில இலக்கியம் படித்த நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் பாடமாகத் தெரிந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலின் பெரிய பெயர்களில் ஒன்று. அவர் ஆங்கிலேயர் அல்ல. இருபது வயதுவரை ஆங்கிலம் பேசியவரும் அல்ல.

1857 டிசம்பர் 3-ஆம் தேதி பெர்டிச்சிவ் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது உக்ரைனில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது. குடும்பம் போலந்துக் குடும்பம். யூசெஃப் தியோடர் கொன்ராட் கொர்செனியோவ்ஸ்கி என்பது முழுப்பெயர். அப்பா அப்போலோ கவிஞர், நாடக ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர். போலந்தின் விடுதலைக்காக ரகசியமாக வேலை செய்தார் என்று ரஷ்ய அரசு அவரை 1862-ல் வடக்கே வோலொக்தாவுக்கு நாடு கடத்தியது. மனைவியும் பிள்ளையும் கூடவே போனார்கள். அம்மா 1865-ல் போய்விட்டார், அப்பா 1869-ல். பதினொரு வயதில் அநாதை. தாய்மாமா ததேயுஷ் போப்ரோவ்ஸ்கிதான் வளர்த்தார். நம் ஊரில் தாய்மாமன் சீர் என்போமே, இந்த மாமா கடைசிவரை பணம் அனுப்பியும் திட்டிக் கடிதம் எழுதியும் அந்தக் கடமையைச் செய்தவர்.

அப்பா ஷேக்ஸ்பியரைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்தவர். மகன் சிறுவனாக அந்தக் கையெழுத்துப் பிரதியைத் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஷேக்ஸ்பியர் போலிஷ் பேசினார். வீட்டில் போலிஷ், அடுத்துக் கற்றது பிரெஞ்சு. ஆங்கிலம் கணக்கிலேயே இல்லை.

கடல் மேல் பைத்தியம். 1874-ல் பதினேழு வயது நிறைவதற்குள் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு வந்து பிரெஞ்சுக் கப்பல்களில் வேலை பார்த்தான். அங்கே கடன், மனமுறிவு. 1878 தொடக்கத்தில் தன் நெஞ்சிலேயே சுட்டுக்கொண்டான். குண்டு இதயத்தைத் தொடாமல் போனது. மாமா ஓடிவந்து கடனை அடைத்தார். பிரெஞ்சுக் கப்பல்களில் தொடர்ந்து வேலை செய்ய ரஷ்யப் பிரஜை என்ற நிலை தடையாக நின்றது. ஆகவே ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏறி, 1878 ஜூனில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் லோவெஸ்டாஃப்ட் என்ற துறைமுகத்தில் இறங்கினான். வயது 20. கையில் இருந்த ஆங்கிலம் சில சொற்கள்.

(இனிமேல் 'அவர்' என்றே எழுதுகிறேன். இருபது வயதாகிவிட்டது.)

அந்த ஊரிலிருந்து நியூகாஸிலுக்குப் போய்வரும் ஒரு நிலக்கரிக் கப்பலில் சேர்ந்தார். 'ஸ்கிம்மர் ஆஃப் தி சீ' என்று கப்பலின் பெயர். இரண்டு மாதத்துக்கும் மேலாக அதில் வேலை. அவருடைய முதல் ஆங்கில வகுப்பறை அதுதான். மீனவர்கள், கப்பல் கட்டும் தச்சர்கள், கரி அள்ளும் மாலுமிகள் பேசியதைக் கேட்டுத்தான் இந்த மொழி தன் காதில் ஏறியது என்றும், முதன்முதலாக வாசித்த ஆங்கிலம் 'ஸ்டாண்டர்டு' என்ற நாளிதழ் என்றும் பின்னாளில் எழுதியிருக்கிறார். கயிற்றை இழு என்றால் உடனே இழுக்க வேண்டும். இலக்கணம் பார்த்துக்கொண்டு நின்றால் தலையில் கட்டை விழும். அங்கே மொழி வேலையோடு சேர்ந்தே உள்ளே போயிருக்கிறது.

பெரிய கப்பலுக்கு மாற ஆசை. லண்டனில் மாலுமிகளுக்கு வேலை பிடித்துக்கொடுக்கும் ஒரு ஏஜெண்டின் முகவரி கிடைத்தது. லோவெஸ்டாஃப்டிலிருந்து அவருக்குத் தானே ஒரு கடிதம் எழுதிப் போட்டார். பிறகு தனியாக ரயிலேறி லண்டன் போய், வரைபடத்தை வைத்துக்கொண்டு, வழி கேட்க வெட்கப்பட்டோ என்னவோ, தேடித் தேடி அந்த அலுவலகத்தைக் கண்டுபிடித்தார். கிழவர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோவெஸ்டாஃப்டிலிருந்து கடிதம் போட்ட ஆள் நீதானே என்ற பொருளில் கேட்டார்.

பல ஆண்டுகள் கழித்து இதை எழுதும்போது கான்ராட் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் தான் முதன்முதலாக எழுதியது அந்தக் கடிதம்தானாம். அதில் ஒரு சொல்கூட இப்போது நினைவில்லையாம். ஆனால் கிழவருக்கு அது புரிந்திருந்ததாம். அந்தக் கடிதத்தில் எத்தனை பிழை இருந்ததோ? என்னைப் போன்ற டீச்சர் கையில் கிடைத்திருந்தால் சிவப்பு மையால் குளிப்பாட்டியிருப்பேன். அந்தக் கிழவர் திருத்தவில்லை. கடிதத்துக்கு என்ன வேண்டுமோ அதைப் பற்றிப் பேசினார். ஆஸ்திரேலியா போகும் கப்பலில் வேலை கிடைத்தது.

அடுத்த பதினைந்து ஆண்டு பெரும்பாலும் கடல். வேலைக்கு நடுவே தேர்வுகள். 1880-ல் லண்டனில் செகண்ட் மேட் தேர்வு. அதிகாரிகளுக்கான இந்தத் தேர்வில் வாய்மொழிக் கேள்விகள் உண்டு. புயலில் இந்தப் பாய் கிழிந்தால் என்ன செய்வாய், நங்கூரம் பிடிக்காவிட்டால் என்ன செய்வாய் என்று தேர்வாளர் அடுக்கிக்கொண்டே போவார். தன்னை மணிக்கணக்கில் வறுத்தெடுத்ததாகக் கான்ராட் எழுதியிருக்கிறார். இரண்டே ஆண்டு ஆங்கிலத்தோடு உட்கார்ந்து அதில் தேறினார்.

தன் நினைவுக் குறிப்பில் மூன்று தேர்வுகளையும் ரசித்து ரசித்து வர்ணிப்பவர், ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். முதல் துணை அதிகாரித் தேர்வில் 1884-ல் ஒரு தடவை, கேப்டனுக்கான மாஸ்டர் தேர்வில் 1886-ல் ஒரு தடவை, ஆக இரண்டு தடவை தோற்றிருக்கிறார். பிற்கால ஆய்வாளர்கள் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். 1886-லேயே மறுபடி எழுதித் தேறி, அதே ஆண்டில் பிரிட்டிஷ் குடிமகனும் ஆனார். பெரிய மனிதர்களும் மார்க் ஷீட்டை ஒளிக்கிறார்கள் பிள்ளைகளே! உங்களில் சிலரை நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவே நம் ஊருக்கும் வந்திருக்கிறார். எனக்கே வியப்பாக இருந்தது. 'ரிவர்ஸ்டேல்' என்ற கப்பலில் செகண்ட் மேட்டாக 1884 ஏப்ரலில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் கேப்டனோடு தகராறு. கேப்டனின் உடல்நிலை பற்றி டாக்டரிடம் இவர் சொன்ன சொல்தான் காரணம் என்கிறார்கள். வேலை போயிற்று. விடுவிப்புச் சான்றிதழில் திறமைக்கு 'மிக நன்று' என்று எழுதிய கேப்டன், நடத்தைக்கு எதிரே கருத்துச் சொல்ல மறுப்பதாக எழுதிக் கொடுத்தார். மாலுமிக்கு அது கறுப்புப் புள்ளி மாதிரி. 26 வயது, அந்நிய ஊர், சித்திரை வெயில். சென்னையிலிருந்து ரயிலேறி பம்பாய் போய் 'நார்சிசஸ்' என்ற கப்பலில் வேலை பிடித்தார். அந்தக் கப்பலை வைத்து 1897-ல் ஒரு நாவலே எழுதிவிட்டார்.

கப்பலில் ஓய்வு நேரத்தில் என்ன படித்தார்? அதற்கு ஒரு சித்திரம் இருக்கிறது. 1882-ல் 'பாலஸ்தைன்' என்ற ஓட்டைக் கப்பல் ஃபால்மவுத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. பலகை இடுக்குகளை அடைக்கும் ஆட்கள் நாள் முழுக்கச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஐந்து ஷில்லிங் விலையுள்ள ஒரே தொகுதி ஷேக்ஸ்பியரை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் ஷேக்ஸ்பியர் இப்போதுதான் மகனோடு ஆங்கிலத்தில் பேசுகிறார்.

பழகிப் பார்க்க ஓர் ஆளும் கிடைத்தார். கார்டிஃப் நகரில் குடியேறியிருந்த ஒரு போலந்துக் குடும்பத்தில் ஒரு நண்பர். 1885-ல் சிங்கப்பூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கான்ராட் அவருக்கு எழுதிய கடிதங்கள்தாம் இன்று நம் கையில் இருக்கிற அவருடைய முதல் ஆங்கிலக் கடிதங்கள். தப்பாக எழுதினால் சிரிக்காத ஒருவர் முதலில் வேண்டும் என்பதை இதில் நான் பார்க்கிறேன். கான்ராட் அப்படி நினைத்தாரா என்பது வேறு விஷயம், இது என் எண்ணம்.

1888-ல் பாங்காக்கில் 'ஒடாகோ' என்ற கப்பலுக்குக் கேப்டன். முப்பது வயது. ஆங்கிலேய மாலுமிகளுக்கு ஆங்கிலத்தில் உத்தரவு போடுகிற போலந்துக்காரர். புயலில் பத்துப் பேர் உயிர் அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் இருக்கிறது. அங்கே தயங்க இடமே இல்லை.

இதே மனிதர் 1890-ல் ஆப்பிரிக்காவில் காங்கோவுக்குப் போனார். போகிற வழியில் தனக்கு மட்டுமாக ஒரு நாட்குறிப்பு எழுதினார். யாரும் பார்க்கப் போவதில்லை. போலிஷில் எழுதியிருக்கலாம், பிரெஞ்சில் எழுதியிருக்கலாம். ஆங்கிலத்தில்தான் எழுதினார். எழுத்துப் பிழைகளும் பிரெஞ்சு வாடை அடிக்கும் சொற்களுமாக இருக்கும் அந்தக் குறிப்பு இன்று அச்சில் கிடைக்கிறது. பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலக் கப்பல்களில் இருந்த கேப்டன், எழுத்துக்கூட்டலில் தடுமாறுகிறார். அந்தப் பயணம்தான் பிறகு அவருடைய மிகப் பெயர்பெற்ற கதையாக மாறியது.

அதற்கு முந்திய ஆண்டு, 1889-ல், லண்டனில் வாடகை அறையில் ஒரு காலை, மேசையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு ஒரு நாவலை எழுத உட்கார்ந்திருந்தார். எழுதி முடிக்க ஐந்தாண்டு ஆனது. கையெழுத்துப் பிரதி அவரோடு காங்கோவுக்குப் போய் ஆற்றில் தொலையத் தெரிந்தது. பெர்லின் ரயில் நிலையத்தில் தொலையத் தெரிந்தது. யாருக்கும் காட்டவில்லை. 1892-ல் 'டாரன்ஸ்' என்ற பயணிகள் கப்பலில் துணை அதிகாரியாக இருந்தபோது, உடல்நலமில்லாத ஓர் இளைஞர் பயணியாக வந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர். அவரிடம்தான் முதல்முதலாகக் கொடுத்தார். மறுநாள் அவர் திருப்பிக் கொடுத்தபோது கேட்ட கேள்விகள் கொஞ்சம்தான். முடிக்கத் தகுந்ததா? கதை புரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்று மிகச் சுருக்கமாகப் பதில் வந்தது. அந்த இளைஞர் சீக்கிரமே இறந்துபோனார். புத்தகம் 1895-ல் 'ஆல்மேயர்ஸ் ஃபாலி' என்ற பெயரில் வந்தது. பதிப்பாளர் கொடுத்தது 20 பவுன். ஆசிரியருக்கு வயது 37.

என் மகளே கேட்டாள், "இவர் மேதை அம்மா, இவரைக் காட்டி சாதாரண ஆளுக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்று. நியாயமான கேள்வி. ஆனால் நான் சொல்ல வந்தது எழுத்தைப் பற்றி அல்ல, அவர் வாயைப் பற்றி.

எச்.ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளர் அவருக்குப் பக்கத்து ஊர்க்காரர், நண்பர். 1934-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் கான்ராட் பேசுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். லிப்கோவை மூடிவைத்துவிட்டு நான் மூன்று தடவை படித்த இடம் அது. 'தீஸ்', 'தோஸ்' என்ற சொற்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் கடைசியில் உச்சரிக்கக் கூடாத ஓர் எழுத்து உண்டு. கான்ராட் அதையும் சேர்த்து 'தீஸா', 'தோஸா' என்கிற மாதிரிச் சொல்வாராம். கடைசிவரை மாறவில்லையாம். காரணத்தையும் வெல்ஸே சொல்கிறார். பேசுவதற்கு முன்னமே வாசிக்கக் கற்றுக்கொண்டவர், அதனால் பல சொற்களுக்குத் தானே ஓர் ஓசையை வைத்துக்கொண்டார் என்று.

புதன்கிழமையை 'வெட்னெஸ்டே' என்று வாசித்த பையன் செய்ததும் இதேதான். இல்லாத எழுத்தை அவன் வாசிக்கவில்லை. அங்கே இருக்கிற எழுத்தைத்தான் வாசித்தான். தமிழில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்துப் பழகிய பிள்ளை, ஆங்கிலமும் நியாயமாக இருக்கும் என்று நம்பிவிட்டான். அதற்கு நாங்கள் சிரித்தோம்.

வெல்ஸ் இன்னொன்றும் சொல்கிறார். கடலைப் பற்றிப் பேசும்போது கான்ராடின் சொற்கள் அபாரமாக இருக்குமாம். பழக்கமில்லாத வேறு விஷயத்துக்குப் பேச்சு திரும்பினால் சொல் கிடைக்காமல் தவிப்பாராம். யோசித்துப் பாருங்கள். ஒரே மனிதர், ஒரே சாயங்காலம். ஒரு விஷயத்தில் சிங்கம், அடுத்த விஷயத்தில் திணறல். கப்பல் சொற்கள் காதுவழி, கைவழி, நிலக்கரிக் கப்பலில் வந்தவை. மற்றவை கண்வழி, புத்தகத்திலிருந்து வந்தவை. நாம் 'ஆங்கிலம் வரும், வராது' என்று ஒட்டுமொத்தமாகப் பேசுகிறோமே, அப்படி ஒட்டுமொத்தமாக அவருக்கும் வரவில்லை. ஆங்கிலத்தின் மேல் தைரியம் வந்து, அதற்குப் பிறகு அவர் கேப்டன் ஆகவில்லை. கப்பல் தெரிந்ததால் கப்பலைப் பற்றிப் பேசும் தைரியம் வந்தது.

பயம் பக்கத்துக்கும் வருகிறேன். 1901-ல் 'ஏமி ஃபாஸ்டர்' என்று ஒரு கதை எழுதினார். கார்பேத்திய மலைநாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞன் கப்பல் உடைந்து ஆங்கிலேயக் கரையில் ஒதுங்குகிறான். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டுகிறான். காய்ச்சலில் கிடக்கும்போது கற்ற மொழி மறந்து தாய்மொழியில் தண்ணீர் கேட்கிறான். மனைவிக்குப் புரியவில்லை. பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அவன் செத்துப்போகிறான். தண்ணீர்தான் கேட்டான்! படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சமையல் ஓடவில்லை.

இது கற்பனை என்று விட முடியவில்லை. 1896-ல் கல்யாணமான புதிதில் கான்ராடுக்கே காய்ச்சல் கண்டு போலிஷில் பிதற்ற, ஆங்கிலப் பெண்ணான மனைவி ஜெஸ்ஸி ஒன்றும் புரியாமல் நடுங்கியிருக்கிறார். 1910-ல் இன்னும் மோசம். பல பெரிய நாவல்கள் வந்து பெயர் நிலைத்துவிட்ட காலம். பணவிஷயமாக அவருடைய இலக்கிய ஏஜெண்ட் பிங்கரோடு வாய்த்தகராறு. கோபத்தில் கான்ராடின் பேச்சு குழறியிருக்க வேண்டும். அவர் பேசுவது ஆங்கிலமே இல்லை என்ற மாதிரி பிங்கர் ஏதோ சொல்லிவிட்டார். சில நாளில் கான்ராட் படுத்த படுக்கையானார். ஜுர வேகத்தில் முழுக்கப் போலிஷ். இடையிடையே பிங்கரைத் திட்ட மட்டும் ஆங்கிலம். எழுந்த பிறகு, நீங்கள்தான் எனக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லிவிட்டீர்களே, அதனால் எனக்குப் பதில் இன்னொருவர் பேசுவார் என்ற பொருளில் அவருக்குக் கடிதம் போட்டார். நெடுநாள் அந்தப் பிளவு ஆறவில்லை.

32 ஆண்டு ஆங்கிலத்தோடு வாழ்ந்த ஐம்பத்திரண்டு வயது மனிதர். ஒரே ஒரு வாக்கியம் அவரை அப்படி அடித்தது என்றால், பதின்மூன்று வயதுப் பையனை ஒரு வகுப்பறைச் சிரிப்பு என்ன செய்யும்? இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

சொந்த ஊரும் அவரை விட்டுவைக்கவில்லை. 1899-ல் போலந்தின் பெரிய எழுத்தாளரான எலீசா ஓர்செஷ்கோவா, பணத்துக்காக வேற்றுமொழியில் எழுதுகிறார் என்று பத்திரிகையில் சாடினார். 1908-ல் லண்டன் விமர்சகர் ராபர்ட் லிண்ட், நாடும் மொழியும் இல்லாத எழுத்து என்ற தொனியில் எழுதினார். தாய்மொழியில் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரண்டும் அவருக்கு ஆறாத வலி.

மேடை என்றால் பெரும்பாலும் ஒதுங்கியவர், 1923 மே மாதம் நியூயார்க்கில் ஒரு பணக்காரர் வீட்டில், அழைக்கப்பட்ட விருந்தினர் முன்னால் தன் 'விக்டரி' நாவலிலிருந்து வாசித்தார். வயது 65, உடம்பும் சரியில்லை. அதே போலந்து நாக்கு, அதே உச்சரிப்பு. முடிவில் கதாநாயகி சாகும் இடத்தைப் படித்தபோது கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது என்று மனைவிக்கு எழுதினார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி காலமானார். கேண்டர்பரியில் அடக்கம். கல்லறைக் கல்லில் அவருடைய போலந்துப் பெயரைப் பொறித்தவர்கள் எழுத்துப் பிழையோடு பொறித்துவிட்டார்கள். 'தியோடர்' என்பது 'தியாடர்' என்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆங்கிலேயர் பிழையாக எழுதியதை யாரும் சிரிக்கவில்லை பார்த்தீர்களா!

அந்தப் பையனுக்கு மறுபடி நானே போன் செய்தேன். முதலில் வெட்னெஸ்டேக்கு மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ டீச்சர், அதுக்காகவா சொன்னேன்" என்று பதறினான். பிறகு, ஃபவுண்டரியை எனக்குச் சுற்றிக் காட்டு, உனக்கு வருகிற ஆங்கிலத்தில், நான் ஒன்றும் தெரியாதவள் என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆரம்பித்தான். சாண்ட், மோல்டு, கோர், ஃபர்னஸ், டெம்பரேச்சர், ப்ளோ ஹோல் ஏன் விழுகிறது, விழுந்தால் எந்த காஸ்டிங்கை ரிஜெக்ட் செய்வார்கள் என்று. பாதிக்கு மேல் அவன் பேசியது எனக்குத் தெரியாத ஆங்கிலம். வினைச்சொல் பல இடத்தில் காணவில்லை. நான் திருத்தவில்லை. ப்ளோ ஹோல் என்றால் என்ன என்று மட்டும் கேட்டேன். உருக்கி ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டு குழி விழுமாம். வெளியே பார்த்தால் தெரியாதாம், மெஷினில் கடைந்தால்தான் தெரியுமாம்.

இருபது நிமிடம் பேசினான். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு இப்போது எனக்கு வகுப்பு நடக்கிறது. டீச்சர் அவன்தான். நேற்று கப்போலா ஃபர்னஸ் முடிந்தது, இன்று பேட்டர்ன் ஷாப்.

கூட்டம் அடுத்த மாதம் முதல் வாரமாம். எந்தக் கிழமை என்று கேட்டேன். "புதன்தானுங்க டீச்சர்" என்று தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தான்.